தாயி: நாடு கடந்த தத்தெடுப்பு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவில் வாழும் தமிழ்த் தம்பதி ஒன்று மகாராஷ்டிரக் காப்பகத்தில் வளர்ந்த ஐந்து வயதுப் பெண் குழந்தையைத் தத்தெடுத்தது பற்றிய பதிவு இது. 2020 இறுதியில் தொடங்கி, கடைசிப் பின்தொடர் அறிக்கை போன 2025 ஜனவரி வரை நடந்ததைச் சொல்கிறது. அங்கீகாரம் பெற்ற தத்தெடுப்பு நிறுவனம் ஒன்றுக்காக வீட்டாய்வும் (தத்தெடுக்க வருபவர்களின் தகுதியைப் பார்த்து எழுதுவது) பின்தொடர் பார்வையும் செய்யும் சமூகப் பணியாளர் நான். தமிழ் பேசுபவள் என்பதால் இந்தக் குடும்பம் என்னிடம் வந்தது. பெற்றோரின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். யாரையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களைச் சேர்க்கவில்லை.

காகித அளவில் இந்தத் தத்தெடுப்பில் ஒரு குறையும் கிடையாது. எல்லாப் படிகளும் சட்டப்படி நடந்தன. ஆனாலும் குழந்தையைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டிய ஒரு பெரிய விஷயம் எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. அது கண்ணெதிரே வந்து நின்றபோது நானே அதைத் தப்பாக எழுதினேன்.

பின்னணி

விண்ணப்பித்தபோது கணவருக்கு வயது 41, மனைவிக்கு 39. மணமாகிப் பதினோரு வருடம். இருவரும் அமெரிக்கக் குடிமக்கள், கையில் ஓசிஐ என்னும், இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களுக்கான அட்டை. கணவரின் ஊர் தேனிப் பக்கம், மனைவி திருச்சியில் வளர்ந்தவர். செயற்கைக் கருத்தரிப்பு மூன்று முறை கைகூடாமல் போனபின், ஒரு வருடம் யோசித்துவிட்டுத்தான் எங்களிடம் வந்தார்கள்.

முதல் சந்திப்பிலேயே அந்தப் பெண் ஒன்றைக் கேட்டார். "அக்கா, ஊர்ல தெரிஞ்சவர் ஒருத்தர் சொல்றார், ஏற்கெனவே மூணு பொண்ணு இருக்கிற வீட்ல நாலாவதும் பொண்ணாப் பிறந்திருக்காம். பெத்தவங்களே கொடுக்கத் தயாராம். அது முடியாதா?" முடியாது என்று அப்போதே சொல்லிவிட்டேன். எங்கள் தமிழ்க் குடும்பங்கள் பல என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கின்றன. நல்ல எண்ணத்தில்தான் கேட்கிறார்கள், அதனால் கொஞ்சம் விளக்குகிறேன்.

இந்தியாவின் சிறார் நீதிச் சட்டம் 2015-இன் 80-ஆம் பிரிவின்படி, ஆதரவற்ற, கைவிடப்பட்ட அல்லது ஒப்படைக்கப்பட்ட குழந்தையை உரிய நடைமுறை இல்லாமல் தத்து கொடுத்தாலோ எடுத்தாலோ மூன்று வருடம் வரை சிறை. பணம் கைமாறினால் அது 81-ஆம் பிரிவு, ஐந்து வருடம் வரை கடுங்காவல். நாடு கடந்த தத்தெடுப்புக்கான 1993-ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையும் இதையேதான் தடுக்கிறது. குழந்தை தத்துக்கு உரியது என்று உறுதியாகும்வரை, அதைப் பெற்றவர்களோடும் வளர்ப்பவர்களோடும் தத்தெடுக்க வருபவர்கள் தொடர்பு வைக்கக் கூடாது. இந்தியாவில் இந்த உடன்படிக்கை 2003-இலும் அமெரிக்காவில் 2008-இலும் நடைமுறைக்கு வந்தது. அதற்கு வெகு முன்பே, 1984-இல் லக்ஷ்மி காந்த் பாண்டே வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் வெளிநாட்டுத் தத்தெடுப்புக்குக் கட்டுப்பாடுகள் விதித்துவிட்டது. இப்போது எல்லாமே காரா என்கிற மத்தியத் தத்தெடுப்பு வள ஆணையத்தின் வழியாகத்தான்.

அமெரிக்கா போன்ற உடன்படிக்கை நாட்டில் இருப்பவர்கள் நேரடியாகக் காப்பகத்தை அணுக முடியாது. இங்கே அங்கீகாரமும் அங்கே காராவின் அனுமதியும் பெற்ற ஒரு நிறுவனம் நடுவில் இருந்தாக வேண்டும். இதைத் தரகு வேலை மாதிரி நினைப்பவர்கள் உண்டு. குழந்தைக்கு நாளை ஏதாவது நேர்ந்தால் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒருவர் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

வீட்டாய்வு

2021 தொடக்கத்தில் வீட்டாய்வை நான்தான் செய்தேன். சேர்த்தும் தனித்தனியாகவும் பேச்சு, கைரேகைச் சோதனை, வருமானச் சான்று, மருத்துவச் சான்று, தெரிந்தவர்களின் பரிந்துரைக் கடிதங்கள், கட்டாயமான பத்து மணி நேரப் பயிற்சி எல்லாம் முடிந்தன. இதில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை. நல்ல குடும்பம். கணவரின் அம்மா தேனியிலிருந்து வந்து ஆறு மாதம் கூட இருப்பார் என்று அப்போதே தீர்மானித்திருந்தார்கள். அமெரிக்கக் குடிவரவுத் துறையின் தகுதி ஒப்புதல் வந்ததும் காராவின் காரிங்ஸ் இணையதளத்தில் பதிவு நடந்தது.

எப்படிப்பட்ட குழந்தை என்ற கேள்வியில் இருவரும் நிறைய நேரம் எடுத்துக்கொண்டார்கள். கைக்குழந்தைதான் வேண்டும் என்றால் காத்திருப்புக்கு முடிவே தெரியாது. இந்தியாவில் இருப்பவர்களுக்கும் என்ஆர்ஐ என்னும், வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமக்களுக்கும் முதல் வாய்ப்பு. அவர்கள் எடுத்துக்கொள்ளாத குழந்தைகளின் விவரம்தான் ஓசிஐ அட்டைக்காரர்களுக்கும் வெளிநாட்டவர்க்கும் வரும். சிறப்புத் தேவை உள்ள குழந்தைகளுக்கு அந்தக் காத்திருப்பு குறைவு. அறுவைச் சிகிச்சையால் சரிசெய்யக்கூடிய குறை இருந்தால் சம்மதம், ஐந்து வயது வரை சம்மதம் என்று எழுதிக் கொடுத்தார்கள். தமிழ் பேசும் குழந்தையாக இருந்தால் நல்லது என்ற ஆசை இருவருக்கும் இருந்தது. அதை ஒரு நிபந்தனையாக வைக்கவில்லை.

குழந்தையின் கோப்பு

2022 ஜனவரியில் விவரம் வந்தது. நான்கு வயது இரண்டு மாதப் பெண், மகாராஷ்டிரத்தில் ஒரு மாவட்டத் தலைநகரில் இருக்கும் காப்பகம். பிறவியிலேயே உதடும் அண்ணமும் பிளவுபட்டிருந்தன. உதட்டுக்கும் அண்ணத்துக்கும் தனித்தனியாக அறுவைச் சிகிச்சை முடிந்திருந்தது. பேச்சு மூக்கால் வருகிறது, சில சொற்கள் தெளிவாக இல்லை என்று மருத்துவ அறிக்கை சொன்னது. விவரம் வந்தால் முதலில் நான்கு நாளுக்குள் குழந்தையை ஒதுக்கிவைக்கச் சொல்ல வேண்டும், பிறகு முப்பது நாளுக்குள் ஏற்பதா இல்லையா என்று முடிவெடுக்க வேண்டும். இங்கே ஒரு குழந்தை மருத்துவரும் அண்ணப் பிளவு நிபுணரும் கோப்பைப் பார்த்தார்கள். இன்னொரு சிறு அறுவைச் சிகிச்சையும் நீண்ட பேச்சுப் பயிற்சியும் தேவைப்படும் என்றார்கள். பெற்றோர் சம்மதித்தார்கள்.

குழந்தை ஆய்வு அறிக்கையை இப்போது எடுத்துப் பார்க்கிறேன். எடை, உயரம், தடுப்பூசித் தேதிகள், எப்போது உட்கார்ந்தாள், எப்போது நடந்தாள், என்ன சாப்பிடுகிறாள், எதற்கு அழுகிறாள் எல்லாம் இருக்கின்றன. மற்றக் குழந்தைகளோடு பழகுவது பற்றி "நன்றாகப் பழகுகிறாள்" என்று ஒரே வரி. அந்த ஒரு வரியை நானும் படித்தேன், மருத்துவர்களும் படித்தார்கள், பெற்றோரும் படித்தார்கள். யாரோடு என்று யாரும் கேட்கவில்லை.

காத்திருந்த ஒரு வருடம்

அமெரிக்கத் தூதரகத்தின் ஒப்புதல் கடிதம் காராவுக்குப் போனது, காராவின் தடையில்லாச் சான்று 2022 ஜூனில் வந்தது. இந்தச் சான்று வந்தபின், பெற்றோர் இந்தியாவுக்குப் போய் இறுதி ஆணை வரும்வரை குழந்தையைத் தங்களோடு வைத்துக்கொள்ள வழியுண்டு. அந்தப் பெண் போய் இரண்டு மூன்று மாதம் தங்கலாமா என்று கேட்டார். வேலையில் அவ்வளவு விடுப்பு கிடைக்காது, வீடு வந்தபின்தான் குழந்தைக்கு அம்மாவின் விடுப்பு அதிகம் தேவைப்படும் என்று நினைத்து, வேண்டாம் என்று நான் ஆலோசனை சொன்னேன். பதிலாக மாதம் இரண்டு வீடியோ அழைப்பு, ஒவ்வொன்றும் இருபது நிமிடம் என்று முடிவானது.

அழைப்புகள் காப்பகக் கண்காணிப்பாளரின் அறையில் நடந்தன. குழந்தை நல்ல உடுப்பில், தலை வாரி, நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். பக்கத்தில் ஒரு மாவ்ஷி நிற்பார். சித்தி என்ற பொருளில் அங்கே பராமரிக்கும் பெண்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள். பெற்றோர் யூடியூப் பார்த்து மராத்தியில் நாற்பது ஐம்பது சொற்கள் கற்றிருந்தார்கள். பாணி என்றால் தண்ணீர், நகோ என்றால் வேண்டாம், ஆயி என்றால் அம்மா. அவள் படுக்கும் இடத்தையோ சாப்பிடும் இடத்தையோ கூட விளையாடும் பிள்ளைகளையோ அந்தத் திரையில் நாங்கள் பார்த்ததே இல்லை.

மனு மாவட்ட நீதிமன்றத்தில் இருந்தபோதே சட்டம் மாறியது. 2022 செப்டம்பர் 1 முதல் தத்தெடுப்பு ஆணை வழங்கும் அதிகாரம் நீதிமன்றத்திலிருந்து மாவட்ட ஆட்சியருக்குப் போனது. கோப்பு ஒரு அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்ந்து, புதியவர்கள் அதைப் படித்து, நவம்பர் கடைசியில் ஆணை வந்தது. அப்புறம் ஹேக் இணக்கச் சான்று, பிறப்புச் சான்றிதழ், இந்தியக் கடவுச்சீட்டு, விசா. 2023 ஜனவரி நடுவில் மூவரும் அமெரிக்கா வந்து இறங்கினார்கள். இந்த விசாவில் வரும் குழந்தை, பெற்றோரோடு நாட்டுக்குள் நுழையும்போதே அமெரிக்கக் குடிமகளாகிவிடுகிறாள்.

முதல் மூன்று மாதம்: கண்டவை

பிப்ரவரியில் முதல்முறை வீட்டுக்குப் போனேன். பெற்றோர் குறித்து வைத்திருந்தவையும் நான் கண்டவையும் சேர்த்து எழுதுகிறேன்.

சாப்பாட்டில் பாதியை ஒதுக்கிவைப்பாள். இட்லியோ சப்பாத்தியோ பிஸ்கட்டோ, பாதிதான் தின்பாள். மீதியைக் காகிதத்தில் சுற்றித் தலையணைக்கு அடியில் வைத்துவிடுவாள். காப்பகக் குழந்தைகள் உணவைப் பதுக்குவது பயிற்சியில் நாங்கள் தவறாமல் சொல்லும் விஷயம். நாளை கிடைக்குமோ என்ற பயம் அது, எந்நேரமும் கைக்கெட்டும் இடத்தில் ஒரு கூடையில் தின்பண்டம் வையுங்கள் என்போம். வைத்தார்கள். கூடையை அவள் தொடவே இல்லை. பாதியைச் சுற்றிவைப்பதும் நிற்கவில்லை.

படுக்கையில் சுவரோடு ஒட்டிக்கொண்டு விளிம்பில் படுப்பாள். அகலமான கட்டில், முக்கால்வாசி காலியாகக் கிடக்கும். அம்மா பக்கத்தில் படுத்தால் எழுந்து உட்கார்ந்துவிடுவாள். தன்னைக் கண்டு பயப்படுகிறாள் என்று நினைத்து, அந்தப் பெண் கீழே பாய் விரித்துப் படுத்தார். இரவு இரண்டு மூன்று மணிக்கு எழுந்து கொஞ்சம் நேரம் அழுவாள். தூக்கப் போனால் உடம்பை விறைத்துக்கொள்வாள்.

வீட்டுக்கு யார் வந்தாலும் சிரித்தபடி போய் மடியில் உட்கார்ந்துவிடுவாள். என் மடியிலும் உட்கார்ந்தாள்.

பாட்டியோடு மட்டும் ஒட்டுதல் இருந்தது. அவரும் மொழி புரியாமல் அவளிடம் பேசிக்கொண்டே இருப்பார். தேனிப் பக்கத்தில் பெண் குழந்தைகளைப் பெரியவர்கள் "தாயி" என்று செல்லமாகக் கூப்பிடுவது வழக்கம். "வா தாயி, சாப்பிடு தாயி" என்பார். மார்ச்சில் ஒரு நாள் இரவு அழும்போது குழந்தையும் தெளிவாக "தாயி" என்றாள். அடுத்த நாளும் சொன்னாள். ஆயி என்று அவள் கூப்பிடுவாளா என்று இரண்டு மாதமாகக் காத்திருந்த அம்மாவுக்கு, கேட்காத வரம் கிடைத்த மாதிரி இருந்தது. அப்பத்தாவிடம் கற்றுக்கொண்டு தன்னைத் தாய் என்று கூப்பிடுகிறாள் என்று எடுத்துக்கொண்டார். வீடே எடுத்துக்கொண்டது.

என் ஏப்ரல் அறிக்கை

இந்தியாவுக்கு இரண்டு வருடத்தில் ஆறு அறிக்கை அனுப்ப வேண்டும். முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒன்று, இரண்டாம் வருடம் ஆறு மாதத்துக்கு ஒன்று. ஏப்ரலில் போன முதல் அறிக்கையில் நான் எழுதியது: குழந்தை இரவில் விழித்து அழும்போது அம்மாவைத் "தாய்" என்று அழைக்கிறாள். இது ஒட்டுறவு உருவாவதற்கான நல்ல அறிகுறி.

எனக்கு மராத்தி தெரியாது. தமிழ் தெரிந்ததுதான் என்னை ஏமாற்றியது. வேறு மொழிக்காரர் யாராவது அந்த வீட்டுக்குப் போயிருந்தால், இது என்ன சொல் என்று ஒருவேளை கேட்டிருப்பார். எனக்கு அது புரிந்த சொல்லாகவே காதில் விழுந்தது. கூடவே, பேச்சு தெளிவில்லாதவள் என்று கோப்பில் இருந்ததால், அவள் சொல்வதில் புரியாத எல்லாவற்றையும் அண்ணப் பிளவின் கணக்கில் எழுதிவிட்டோம். அவள் பேசியதில் பாதி சுத்தமான மராத்தி என்று பின்னால் தெரிந்தது.

ஒரு பிறந்தநாள் விழா

ஜூன் மாதம் இரவு பத்து மணிக்கு அந்தப் பெண் போன் செய்தார். "அக்கா, அது தாய் இல்லையாம்" என்று சொல்லிவிட்டு அழுதார்.

கணவரோடு வேலை பார்க்கும் மராத்திக் குடும்பத்தின் வீட்டில் பிறந்தநாள் விழா. அந்த வீட்டுச் சின்னப் பையன் தன் அக்காவைத் தேடி மாடிப்படியில் நின்று "தாயி!" என்று கத்தினான். கையில் இருந்த தட்டைக் கீழே போட்டுவிட்டு நம் குழந்தை ஓடினாள். அறை அறையாகப் போய்க் கதவுக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில் எல்லாம் பார்த்தாள். அந்த வீட்டுப் பெண் அவளைப் பிடித்து உட்கார வைத்து மராத்தியில் கேட்டார். "தாயி எங்கே, தாயி வந்திருக்கிறாளா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள் குழந்தை. மராத்தியில் தாயி என்றால் அக்கா.

அன்று இரவு அந்த வீட்டுப் பெண் குழந்தையோடு இன்னும் கொஞ்சம் பேசிப் பார்த்தார். தலையணைக்கு அடியில் இருக்கும் பாதி, தாயிக்கு. கட்டிலில் காலியாக இருக்கும் இடம், தாயிக்கு.

காப்பகத்தின் பதில்

மறுநாளே எங்கள் நிறுவனத்தின் இந்தியப் பொறுப்பாளர் வழியாகக் காப்பகத்துக்கு எழுதினோம். மூன்று வாரம் கழித்துக் கண்காணிப்பாளரிடமிருந்து நீண்ட பதில் வந்தது. மறைக்கும் எண்ணம் அவருக்கு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. யாரும் கேட்காததால் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அந்த வளாகத்தில் சிறு குழந்தைகளுக்கான தத்தெடுப்புப் பிரிவும் பெரிய பெண் பிள்ளைகளுக்கான இல்லமும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. நம் குழந்தை ஒன்றரை வயதில் அங்கே வந்தபோது அண்ணம் மூடப்படவில்லை. கொடுத்த பால் மூக்கு வழியே வந்துவிடும். மாவ்ஷிகளுக்குப் பத்துப் பன்னிரண்டு குழந்தைகளைப் பார்க்க வேண்டியிருந்தது. இல்லத்தில் இருந்த எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி பள்ளி விட்டு வந்ததும் இவளை நிமிர்த்தி மடியில் வைத்துக்கொண்டு, சின்னக் கரண்டியால் சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரம் ஊட்டுவாளாம். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகும் அவளிடம்தான் சாப்பிட்டாள். மூன்று வயதிலிருந்து அவள் பக்கத்தில்தான் படுத்தாள். தனக்குக் கிடைத்ததில் பாதியை அந்தச் சிறுமி இவளுக்குக் கொடுப்பாள், இவளும் அப்படியே செய்வாள். ரத்த உறவு கிடையாது.

குழந்தையைப் பெற்றோர் அழைத்துப்போன நாள் ஒரு புதன்கிழமை. அழுது ஆர்ப்பாட்டம் ஆகிவிடக் கூடாது என்று, பெரியவள் பள்ளிக்குப் போனபின் அனுப்பிவைத்திருக்கிறார்கள். சாயங்காலம் அவள் திரும்பி வந்தபோது பக்கத்துப் படுக்கை மடித்து வைக்கப்பட்டிருந்தது. ஒரு வாரம் அவள் சரியாகச் சாப்பிடவில்லை என்று கண்காணிப்பாளர் எழுதியிருந்தார். அந்த வரியைப் படித்தபின் எனக்கு வேலை ஓடவில்லை. எங்கள் கோப்பில் ஒரு குழந்தைதான் இருந்தாள். பிரிக்கப்பட்டவர்கள் இரண்டு பேர்.

பேச விடுவதா

இருவரையும் பேச விட வேண்டும் என்று பெற்றோர் உடனே கேட்டார்கள். எங்களுக்குள் அது அவ்வளவு எளிதாக முடியவில்லை.

இந்தியப் பொறுப்பாளர் மூன்று தயக்கங்கள் சொன்னார். காப்பகத்தில் இருக்கும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்பது சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு, ஆகவே குழந்தைகள் நலக் குழுவின் அனுமதி இல்லாமல் எதுவும் செய்ய முடியாது. பழைய உறவைக் கிளறினால் புதிய அம்மாவோடு ஒட்டுவது தடைப்படும். மூன்றாவதுதான் என்னையும் தயங்க வைத்தது: தன்னையும் அழைத்துப்போவார்கள் என்று பெரியவள் எதிர்பார்த்தால் என்ன செய்வது?

அவளையும் தத்தெடுக்க முடியுமா என்று பெற்றோர் கேட்டார்கள். முடியாது. அவளுக்குத் தாய்மாமன் வீடு இருந்தது. குடும்பத்தின் வறுமையால் இல்லத்தில் விடப்பட்டவள் அவள், தத்துக்கு உரியவளாக அறிவிக்கப்படவில்லை. குடும்பம் உள்ள பிள்ளையைக் குடும்பத்தோடு சேர்ப்பதுதான் முதல் கடமை. இதைப் பெற்றோர் புரிந்துகொண்டார்கள், ஆனால் அம்மாவுக்கு அது இன்றும் வலிக்கிறது.

இங்கே ஒரு குழந்தை உளவியலாளரைக் கேட்டோம். அவர் சொன்னதை ஏற்றுக்கொண்டுதான் முடிவெடுத்தோம்: தாயி என்ன ஆனாள் என்று தெரியாதவரை இந்தக் குழந்தை அந்தக் கட்டிலில் இடம் விட்டுக் காத்துக்கொண்டுதான் இருப்பாள், ஒட்டுறவைத் தடுப்பது அந்தக் காத்திருப்புதான். முதலில் கடிதமும் படமும் கண்காணிப்பாளர் வழியாகப் போவது, பெரியவளிடம் "உன்னை அழைத்துப்போக வழியில்லை" என்பதைக் கண்காணிப்பாளரே முன்கூட்டிச் சொல்லிவிடுவது, பிறகு அவர் முன்னிலையில் வீடியோ அழைப்பு, பதிவு செய்யக் கூடாது என்று தீர்மானமானது. குழந்தைகள் நலக் குழுவின் அனுமதி ஆகஸ்ட் கடைசியில் கிடைத்தது. ஏப்ரல் அறிக்கைக்கு நான் ஒரு திருத்தம் எழுதி அனுப்பினேன்.

அழைப்புகள்

முதல் அழைப்பு 2023 செப்டம்பர் நடுவில். பிரிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. நான் அந்த வீட்டில் இருந்தேன், மராத்தி தெரிந்த நண்பரும் இருந்தார்.

திரையில் பெரியவள் வந்ததும் குழந்தை மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். பத்து நிமிடம் வெளியே வரவில்லை. பெரியவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு வந்து திரைக்கு மிக அருகில் முகத்தை வைத்துப் பார்த்தாள். பெரியவள் என்னவோ கேட்டாள். குழந்தை அம்மாவைத் திரும்பிப் பார்த்துத் தமிழில், "என்ன சொல்றா?" என்றாள்.

எட்டு மாதத்தில் அவளுடைய மராத்தி போய்விட்டிருந்தது. ஜூனில் விழா வீட்டில் பேசியவள் செப்டம்பரில் கேள்வியைப் புரிந்துகொள்ளவில்லை. பேசுவோர் இல்லாமல் போனால் இந்த வயதில் மொழி மாதக்கணக்கில் கரைந்துவிடும் என்பது எங்கள் துறையில் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். காப்பகப் பதிலுக்கும் அனுமதிக்கும் காத்திருந்த நேரத்தில் வாரம் ஒருமுறை அந்த மராத்திக் குடும்பத்தோடு அவளை இருக்க வைத்திருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை. நண்பர் மொழிபெயர்த்துச் சொன்னார்: "சாப்பிட்டாயா என்று கேட்கிறாள்."

மாதம் ஒன்றாக 2024 பிப்ரவரி வரை ஆறு அழைப்புகள் நடந்தன. போகப் போகப் பேச்சு குறைந்து, காட்டுவது அதிகமானது. வரைந்த படம், விழுந்த பல், புதுச் செருப்பு. பெரியவள் தன் பரீட்சை அட்டையைக் காட்டினாள். நவம்பரில் ஒரு நாள் தலையணைக்கு அடியில் ஒன்றும் இல்லை என்று அம்மா கவனித்தார். டிசம்பருக்குள் அது முழுதும் நின்றது. இரவில் விழிப்பது வாரத்துக்கு ஒரு முறையாகக் குறைந்தது. ஜனவரியில் காய்ச்சல் வந்த இரவில், தானாக "அம்மா, மேல வந்து படு" என்றாள்.

முன்பின் தெரியாதவர் மடியில் போய் உட்காரும் பழக்கம் மட்டும் மாறவே இல்லை. அதற்கும் தாயிக்கும் தொடர்பில்லை என்றே நினைக்கிறேன். அதற்குத் தனியாக உளவியல் பயிற்சி தொடர்கிறது. பேச்சுப் பயிற்சியும் நடக்கிறது, அண்ணத்தில் மீந்திருந்த சிறு துளையை 2024 கோடையில் மூடினார்கள்.

இரண்டாம் பிரிவு

பெரியவளை 2024 மார்ச்சில் தாய்மாமன் வீட்டுக்கு அனுப்புவது என்று குழு முடிவு செய்தது. அதன்பிறகு தொடர்பு வைக்க எங்களுக்கு வழியில்லை, அந்தக் குடும்பமும் விரும்பவில்லை. இந்த முறை பிரிவைச் சொல்லாமல் விடவில்லை. பிப்ரவரி கடைசி அழைப்பு விடைபெறும் அழைப்பு என்று இருவருக்கும் முன்பே சொல்லியிருந்தோம். பெரியவள் ஒரு பாட்டுப் பாடினாள். ஊட்டும்போது பாடுவாளாம். வார்த்தை மறந்திருந்தாலும் குழந்தை கூடவே முனகினாள். அழைப்பு முடிந்ததும் பாட்டி கொடுத்த முறுக்கைத் தின்றுவிட்டு விளையாடப் போனாள். இரவு மிகவும் அழுதாள். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

மாற்றியவையும் மாற்ற வேண்டியவையும்

எங்கள் நிறுவனத்தில் இப்போது விவரக் கோப்பு வந்ததும் காப்பகத்துக்கு ஒரு தனித் தாள் போகிறது. யார் பக்கத்தில் படுக்கிறாள், யார் ஊட்டுகிறார்கள், அழுதால் யாரிடம் ஓடுகிறாள், அவளை எந்தப் பெயரால் கூப்பிடுகிறார்கள், அவள் மற்றவர்களை எப்படிக் கூப்பிடுகிறாள் என்று கேட்கிறோம். பதிலை மாவ்ஷிகளிடம் கேட்டு எழுதும்படி வேண்டுகிறோம், அலுவலக அறைக்கு அது தெரிந்திருக்காது. வீடியோ அழைப்புகளில் ஒன்றிரண்டாவது படுக்கும் இடத்திலோ சாப்பிடும் இடத்திலோ நடக்க வேண்டும் என்று கேட்கிறோம். சில காப்பகங்கள் சம்மதிக்கின்றன, சில மறுக்கின்றன. மற்றக் குழந்தைகளின் முகம் தெரியும் என்பதால் மறுப்பதில் நியாயமும் இருக்கிறது.

குழந்தையின் மொழி தெரிந்த ஒருவரை, வந்த முதல் வாரத்திலேயே வீட்டுக்கு அழைத்துப்போய் அவள் பேசுவதைக் கேட்க வைக்கிறேன். இந்தியப் பெற்றோர், இந்தியக் குழந்தை என்றால் இது தேவையில்லை என்று முன்பு நினைத்திருந்தேன். இப்போது அங்கேதான் அதிகம் தேவை என்று நினைக்கிறேன். காதுக்குப் பழக்கமான ஒலி வேறு பொருளில் வரும்போது சந்தேகமே எழாது.

தடையில்லாச் சான்று வந்தபின் அந்தப் பெண் இந்தியாவில் போய்த் தங்கக் கேட்டபோது நான் தடுத்திருக்கக் கூடாது. அங்கே இரண்டு மாதம் இருந்திருந்தால் பள்ளி விட்டு வரும் அந்தச் சிறுமியை ஒரு நாளாவது பார்த்திருப்பார். இன்று யாராவது கேட்டால், முடிந்தால் போங்கள், மூன்று வாரமாவது இருங்கள் என்கிறேன்.

காப்பகத்திலேயே தங்கிவிடும் குழந்தைக்கு விடைகொடுக்க நேரம் வேண்டும் என்று காப்பகங்களுக்கு எழுதுவதை வழக்கமாக்க முயன்று வருகிறோம். எங்களுக்கு அதில் அதிகாரம் எதுவும் இல்லை, கேட்க மட்டுமே முடியும். அந்தக் கண்காணிப்பாளர் தன் இல்லத்தில் அதைத் தொடங்கிவிட்டதாக எழுதியிருந்தார்.

கடைசிப் பார்வைக்கு 2025 ஜனவரியில் போனேன். குழந்தைக்கு ஏழு வயது. கட்டிலின் நடுவில் படுக்கிறாள். தாயி யார் என்று கேட்டால், "எனக்கு ஊட்டின அக்கா" என்கிறாள். முகம் நினைவில் இருக்கிறதா என்று தெரியவில்லை, நான் கேட்கவில்லை. குழந்தையின் பூர்வீகம் பற்றிய தகவல்களைப் பாதுகாக்க வேண்டும் என்கிறது ஹேக் உடன்படிக்கையின் 30-ஆம் பிரிவு. பதினெட்டு வயதானபின் அவளே காராவில் தன் வேர்களைத் தேடி விண்ணப்பிக்கலாம். அந்தக் கோப்பில் பெற்றவர்களைப் பற்றி எதுவும் இருக்காது, அவள் கைவிடப்பட்டுக் கிடைத்தவள். ஆகவே கண்காணிப்பாளரின் கடிதம், ஆறு அழைப்புகளின் தேதிகள், அந்தப் பாட்டின் வரிகளை மராத்தியிலும் தமிழிலும் எழுதிய தாள் ஆகியவற்றைக் குழுவின் சம்மதத்தோடு ஓர் உறையில் இட்டு, எங்கள் கோப்பில் ஒரு பிரதியும் வீட்டில் ஒரு பிரதியுமாக வைத்திருக்கிறோம். மேலே மராத்தி எழுத்தில் "தாயி" என்று அம்மா எழுதியிருக்கிறார்.